சைலன்சர் இருக்கும் பக்கம்

பல்வலி என்று சொன்னால் போதும், "எந்தப் பக்கம்?" என்பார். மொட்டைமாடிக் குழாய் ஒழுகுகிறது என்றாலும் "எந்தப் பக்கம்?"தான். தாம்பரம் மேம்பாலத்தில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான் என்று யாராவது மூச்சிரைக்க வந்து சொன்னால், ஆள் பிழைத்தானா என்று கேட்பதற்கு முன்னால் இவருக்கு எந்தக் காலில் அடி என்று தெரிந்தாக வேண்டும். இதற்காகவே எங்கள் அடுக்ககத்தில் அவரைக் கண்டால் படி மாறிப் போகிறவர்கள் இருந்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிப் போனவள்தான்.

சிட்லபாக்கத்தில் எங்களுக்கு எதிர்வீடு. தனியார் நர்சிங் ஹோம்களில் எக்ஸ்ரே எடுப்பவராக வாழ்நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஐம்பது தாண்டியதும் திடீரென்று விட்டுவிட்டவர். ஏன் சார் என்று கேட்டால், "இருட்டு ரூம் போதும்மா" என்பார். அவர் மனைவி குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இவர் எனக்குக் கடைசிவரை சார்தான்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஈயத் துண்டு இருக்கும். ஆங்கில R எழுத்து. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் வலது பக்கத்தில் இதை வைத்துவிடுவார்களாம், ஃபிலிமில் எழுத்து வெள்ளையாக விழும். அது இல்லாவிட்டால் ஃபிலிமை இந்தப் புறம் பிடித்தாலும் அந்தப் புறம் பிடித்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும், எது வலது எது இடது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. வேலையை விட்ட பிறகும் இதை ஏன் சுமக்கிறீர்கள், தொலைந்துவிடப் போகிறது என்றேன் ஒருமுறை.

"தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம்மா. வைக்க மறந்துட்டாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

போர் டாங்க் விஷயம் அக்கா மூலமாகத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு அரைமணி நேரம் உங்க டிவியில சீரியல் பார்த்துட்டுப் போறேன்டி. எங்க வீட்டுல காலையிலேருந்து சீனாக்காரன் டாங்க் போயிக்கிட்டே இருக்கு. பத்தடி போகும், நிறுத்துவாரு. திரும்பவும் அதே பத்தடி" என்று புலம்பினார்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். நூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவை ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, தனித்தனிப் படை வைத்துச் சண்டை போட்ட தளபதிகள் இருந்தார்கள். அவர்களில் வடக்கே மஞ்சூரியாவைக் கையில் வைத்திருந்தவரிடம் பிரெஞ்சுக்காரர்கள் செய்த குட்டி டாங்குகள் சில இருந்தன. உள்ளே இரண்டே பேர் உட்காரலாம். யார் யாரோ எடுத்த துண்டு ஃபிலிம்கள், ஒவ்வொன்றும் சில விநாடிகள், வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களின் இணையதளங்களில் கிடக்கின்றன. சார் அவற்றை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, தகட்டில் இருக்கும் ஆணிகளை எண்ணி, எந்த டாங்க் எந்த ஊரில் மறுபடி தலைகாட்டுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஈயத்து R டிவியின் வலது மேல்மூலையில் செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

"எல்லாரும் ஜெர்மன் டாங்கையே பார்த்துக்கிட்டிருக்காங்கம்மா. இதுங்களைப் பார்க்க ஆளே இல்லை."

"சரி சார், டாங்க் எதுக்கு?"

நோட்டை மூடி வைத்தார். "மனுஷனுக்கு வெளியில ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு. டாங்குக்கு அப்படி இல்லை. இதுல சைலன்சர் வலது பக்கத்துல மட்டும்தான். ஏமாத்தவே முடியாது."

நான் வீட்டிலிருந்தே ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவள். அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுச் சேனலுக்காக, ஆரம்பகால டாங்குகளைப் பற்றிய படம் ஒன்று கைக்கு வந்தது. அதில் சீனத் தளபதிகளின் டாங்குகளுக்கு ஒரு பகுதி. வந்த ஃபிலிம்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றார் இயக்குநர். எதிர்வீட்டிலேயே ஆள் இருக்கிறார் என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தேன்.

முதல் நாளே ஒரு துண்டைத் தள்ளினார். "இது புறம் மாத்தி ஸ்கேன் ஆகியிருக்கும்மா. டாங்க் வலப்பக்கமாப் போகுது. அப்போ நமக்குத் தெரியறது அதோட வலது விலா. சைலன்சர் எங்க? காணோமே. சிப்பாயைப் பாருங்க, எல்லாரும் துப்பாக்கியை இடது தோள்ல வச்சுக் குறி பார்க்கறான்." திருப்பிப் போட்டதும் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. காப்பகத்துக்கு எழுதினோம், அவர்களும் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிப்போனார். அக்கா அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். "கல்யாணம் ஆனதுலேருந்து இவரு சிரிச்சு நான் பார்த்தது இப்போதான்" என்றார்.

மூன்றாவது வாரம் அவர் ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். ஒரு துண்டில், நிற்கிற டாங்குக்குப் பெட்ரோல் டின் தூக்கிப் போகிறான் ஒருவன். இடது கை கிடையாது. சட்டைக் கை மடித்துக் குத்தப்பட்டிருக்கிறது. வேறோர் ஊரில், வேறொருவர் எடுத்த இன்னொரு துண்டில், இடப்பக்கமாக மெல்ல வந்து நிற்கிறது ஒரு டாங்க். அதன் பின்னால் தொற்றி வந்த ஒரு கையில்லாதவனை இறக்கி, சங்கிலிச் சக்கரத்தில் சாய்த்து உட்கார வைக்கிறார்கள். இருக்கிற கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டிருக்கிறான். கேமராவைப் பார்க்கிறான். அவ்வளவுதான், துண்டு முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல சார் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார். காது மடல், புருவத்தில் ஒரு வெட்டு, தொப்பியில் ஒரு கிழிசல் என்று நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். பேர் தெரியாத ஒருவனைச் சிட்லபாக்கத்தில் ஒரு ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அடையாளம் கண்டுவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

நான் செய்த காரியத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படை ஒன்று திரையில் வலப்பக்கமாகப் போக ஆரம்பித்தால் கடைசிவரை வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு ஷாட் இடப்பக்கமாக வந்தால் பார்க்கிறவர்கள் பின்வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கையில்லாதவனை இறக்கி வைக்கிற அந்தக் கடைசி ஷாட் ஒன்றுதான் இடப்பக்கமாக வந்தது. இயக்குநர் போனில், "ஃபிளிப் பண்ணிடுங்க. கொடியில எழுத்துகூட இல்லை, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாகத் திருப்ப ஒரு பொத்தான்தான். அமுக்கினேன். எத்தனையோ படத்தில் செய்திருக்கிறேன், கை கூசவில்லை.

மறுநாள் மத்தியானம் சார் வந்து தொகுத்ததைப் பார்த்தார். அந்த ஷாட் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சைலன்சர் எங்க?"

நான் வழக்கத்தைச் சொன்னேன். திசை, தொடர்ச்சி, பார்வையாளர்கள் என்று என்னென்னவோ. அவர் காதில் எதுவும் விழவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், சக்கரத்தில் சாய்ந்து கிடக்கிறவனின் மேல் விரலை வைத்தார்.

"இவனுக்கு இருந்தது ஒரு கைதான். வலது கை. நல்ல கை. அதை எடுத்துட்டீங்களேம்மா."

"சார், இது வெறும் படம்."

"நானும் படம்தாம்மா எடுத்தேன்" என்றார்.

பிறகு நின்றபடியே சொன்னார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருத்தன், முப்பது முப்பத்திரண்டு வயசு. ஒரு சிறுநீரகம் கல்லடைத்துக் கெட்டுப்போய்விட்டது, எடுத்தாக வேண்டும். சார்தான் எக்ஸ்ரே எடுத்தார். அன்றைக்கு வெளியே நீள வரிசை. R வைக்க மறந்துவிட்டார். ஃபிலிம் காய்ந்த பிறகுதான் கவனித்தார். திரும்ப எடுத்தால் திட்டு விழும். ஆள் எப்படிப் படுத்திருந்தான் என்று யோசித்துப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தில் R என்று எழுதிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் கேட்டிருக்கிறார், மார்க் சரியாகப் போட்டாயா என்று.

"போட்டேன் சார்னு சொன்னேன்."

"அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் வலின்னு தெரியாதா சார்?"

"அவன் சொல்லிக்கிட்டேதாம்மா இருந்தான். ஃபிலிம் கையில இருக்கும்போது ஆளு பேசறதை யாரு கேட்கறாங்க?"

தையல் பிரித்த அன்று அவன் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றிருக்கிறான். சார் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். எத்தனை வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த குரலோ, அச்சு அசலாக வந்தது. "சார், ஆபரேசன்லாம் முட்ஞ்சிச்சி. ஆனா வலி மட்டும் அதே எடத்துல கீது சார். கட்டு இந்தாண்ட போட்டுக்கீறாங்க, வலி அந்தாண்ட கீது. இன்னா சார் இது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரியாயிடும்பான்னு சொன்னேன்."

அஞ்சு மாசம் இருந்தானாம். டாக்டருக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. செத்தவனின் மனைவி கடைசியில் இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகும் அவர் பதினோரு வருஷம் அதே வேலையைப் பார்த்திருக்கிறார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. ஓர் ஆளைக் கொன்றுவிட்டு, யாரோ சீனாக்காரனின் கைக்காக வந்து என்னோடு நியாயம் பேசுகிறாரே என்று இருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற முகம் இல்லை அது. அந்த ஷாட்டைத் திருப்பச் சொல்லிக் கேட்கிற முகம். அந்த ஒன்று மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

"மாத்திடறேன் சார்" என்றேன்.

இயக்குநரிடம் பேசினேன். இரண்டு தடவை பேசினேன், மூன்றாவது தடவை பேச எனக்கே வெட்கமாக இருந்தது. இசை சேர்த்தாகிவிட்டது, படத்தை அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அப்படியே போயிற்று. படம் போன அன்று சாயங்காலம் மாடிப்படியில் சார் எதிரே வந்தார், கையில் கீரைக் கட்டு.

"மாத்திட்டீங்களாம்மா?"

"மாத்திட்டேன் சார்."

காட்டுங்கள் என்பார் என்று பயந்தேன். பால் பாக்கெட்டின் தேதியைக்கூட இரண்டு தடவை பார்க்கிற மனுஷர். அவர் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். யார் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொண்டு அவர் போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்தச் சேனல் இங்கே வருவதில்லை. அதனால் நான் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. திருநீர்மலைக்கு அக்காவோடு போக ஆரம்பித்தார். முன்பெல்லாம் அக்கா மேலே போய்விட்டு வரும்வரை அடிவாரத்தில் ஸ்கூட்டருக்குக் காவல் இருப்பவர். ஒருநாள் நானும் போயிருந்தேன். மேலே பிராகாரம் சுற்றி வந்து மூச்சு வாங்க நின்றவர், "பெருமாளை வலது பக்கத்துல வச்சுத்தான் எல்லாரும் சுத்தறாங்க, பார்த்தீங்களா? ஒருத்தர்கூடத் தப்பா சுத்தலை" என்றார், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. மனது லேசாகியிருந்தார் என்று நினைக்கிறேன். என்னால் அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை. செருப்பு விட்ட இடத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது. ஆளையும் பேரையும் மறக்கவில்லை. போனது வேறு. தட்டில் தோசை வைத்தால் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இல்லையா?" என்று கேட்டார். அக்கா தட்டைத் திருப்பி வைத்தால், "இருக்கே" என்று மறுபாதியைத் தின்றார். முகச்சவரம் செய்துகொண்டால் மூக்குக்கு இந்தப் பக்கம் மழமழவென்றும் அந்தப் பக்கம் வெள்ளை முள்ளாகவும் நின்றது. கண்ணில் கோளாறு இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது என்றாராம் டாக்டர்.

நான் முதலில் பார்க்கப் போன அன்று, மடியில் கிடந்த தன் இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டி, "இது யாரோட கைம்மா? நேத்துலேருந்து இங்கேயே கிடக்கு" என்றார். அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் அழுவது எனக்குக் கேட்டது.

எந்தப் பக்கம் என்று கேட்டே வாழ்ந்த மனுஷருக்கு ஒரு பக்கமே இல்லாமல் போயிற்று. ஊரில் கடவுளின் கணக்கு என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர் அப்படிச் சாப்பிடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொல்லட்டும்.

ஒரு காலை நேரம் அக்கா கூப்பிட்டனுப்பினார். "டாங்க் டாங்க்னு கேட்கறாருடி. உன்கிட்ட இருக்கிறதைக் கொண்டுவந்து காட்டேன்." லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. திருப்பாத ஷாட்டை, காப்பகத்திலிருந்து வந்தபடியே, அவருக்குக் காட்டிவிட வேண்டும். சொன்ன பொய்க்கு அதுவே பரிகாரமாகிவிடும் என்று நினைத்தேன். அவருக்கு எதிரே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்தேன். அக்கா அவருடைய சட்டைப் பையிலிருந்து ஈயத்து R-ஐ எடுத்துத் திரையின் வலது மூலையில் ஒட்டினார். நான் அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இடது பக்கம் உட்கார்ந்தால் நானும் இல்லாமல் போய்விடுவேன்.

ஷாட் ஓடியது. டாங்க் இடப்பக்கமாக வந்து திரையின் இடது பாதியில் நிற்கிறது. அவனை இறக்குகிறார்கள், சாய்க்கிறார்கள். அவன் பார்க்கிறான்.

"மரம்தாம்மா இருக்கு" என்றார் சார். "ரெண்டு மொட்டை மரம். டாங்க் எங்க?"

மறுபடி போட்டேன். மறுபடியும் மரம்தான். தலையைத் திருப்பச் சொன்னார் அக்கா, தாடையைப் பிடித்துத் திருப்பியும் பார்த்தார். கழுத்து திரும்பியது, கண் திரும்பவில்லை. சார் குழந்தைபோல முகம் கோணி, "டாங்க் இல்லையேம்மா, டாங்க் இல்லையே" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அவர் பதினெட்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்த ஆள், ஒரு முழம் தள்ளிச் சாய்ந்து கிடக்கிறான், இவருக்குத் தெரியவில்லை.

யோசிக்கவே இல்லை. பொத்தானை அமுக்கி ஷாட்டைத் திருப்பினேன்.

டாங்க் வலது பாதிக்கு வந்தது. அவர் முன்னால் குனிந்தார். முகம் அப்படியே மாறியது. பழைய ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார், சந்தோஷத்தில். வலது கை மெதுவாக எழுந்து திரைக்குப் போயிற்று. சக்கரத்தில் சாய்ந்திருந்தவனைத் தொட்டது. பிறகு அங்கிருந்து நகர்ந்து டாங்கின் விலாவைத் தடவியது, தகடு தகடாக, முன்னாலிருந்து பின்னால்வரை. அங்கேயே நின்றது.

"சைலன்சர் இல்லை" என்றார்.

"திருப்பியிருக்கு." விரலை இன்னும் எடுக்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினார். வலது பக்கம்தானே, நன்றாகவே தெரிந்தேன். "மாத்திட்டேன்னு சொன்னீங்களேம்மா."

"என்னடி மாத்தறது? என்ன சொல்றாரு?" என்றார் அக்கா.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு வந்தது ஒன்றுதான்.

"சரியாயிடும் சார்" என்றேன்.